மாடி ஸ்பீக்கர்

வீடு முழுக்க ஸ்பீக்கர் மாட்டி முடித்த மெக்கானிக் ஹாலில் நின்றபடி செல்போனில் ஒவ்வோர் அறைக்கும் பாட்டைத் தட்டிவிட்டார். மனைவி இறந்தபிறகு தனிக்கட்டையாகிவிட்ட வீட்டுக்காரர் அந்தந்த அறைக்கு ஓடி, "கேக்குது!" என்று குரல் கொடுத்தார். சமையலறை, படுக்கையறை, குளியலறை முடிவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

"மாடிக்கு மட்டும் என்னால ஏற முடியாது தம்பி," என்று சோபாவில் சாய்ந்துவிட்டார்.

பழக்கதோஷத்தில் மெக்கானிக் மாடிக்கும் தட்டிவிட்டார்.

"கேக்குது," என்றது மேலேயிருந்து ஒரு பெண்குரல்.

மெக்கானிக்கின் விரல் அப்படியே நின்றது. வீட்டுக்காரர் கையை நீட்டிச் செல்போனை வாங்கிக்கொண்டார்.

"இதுல பேசினா மேல கேக்குமா?"

"மைக்கை அமுக்கிப் பேசுங்க சார்."

அமுக்கினார்.

"இத்தனை வருஷமா நான் கூப்பிட்டதெல்லாம் உனக்குக் கேட்டுச்சா?"