மறுபடியும் தொங்குது

"என்ன, மறுபடியும் தொங்குதா?"

ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக வாசலுக்கு வந்தாள் ஒடாலிஸ். கணவன் எவெலியோ ஓட்டும் ஷேர் டாக்ஸியில், டிரைவர் தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடி அசடு வழியத் தொங்கிக்கொண்டிருந்தது.

"வயசான வண்டி. எல்லாம் தொங்கத்தான் செய்யும்" என்றான் எவெலியோ, காபியை உறிஞ்சிக்கொண்டே.

ஓல்கின் ஊரில் இந்தக் கிழட்டு வண்டிக்குக் கடையில் போய் உதிரி பாகம் கேட்கிறவன் பைத்தியக்காரன். ஒடாலிஸ் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டினாள். கண்ணாடி திரும்புகிற குமிழில் சுற்றிச் செருகி, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினாள். இனி புயலே வந்தாலும் அசையாது. போன வாரமும் இப்படித்தான் சொன்னாள்.

மறுநாள் சாயங்காலம் பார்த்தால், தொங்கல்.

"கண்ணாடி தானாத் தொங்குமாடி, மண்டு?" பக்கத்து வீட்டு நியெவெஸ் வேலிக்கு மேலே தலையை நீட்டினாள். "மஞ்சள் சட்டைக்காரி ஒருத்தி தினம் ஏறுறா. அவ ஏறினதும் உன் வீட்டுக்காரர் கை மேலே போகுது, கண்ணாடி கீழே வருது. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

அது மட்டும் நிஜமாக இருக்கட்டும், அவன் துணிமணியெல்லாம் தெருவில்தான் என்று முடிவு கட்டினாள் ஒடாலிஸ்.

காலையில், "சந்தைக்குப் போகணும்" என்று பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். எவெலியோவின் முகம் சுண்டிப்போனதைக் கவனிக்காமல் இல்லை.

வண்டி கிளம்பியதும் அவன் வழக்கம்போல அளக்க ஆரம்பித்தான். பேஸ்பால் கதை, மாமியார் கதை. வண்டியே குலுங்கிச் சிரித்தது.

ஆஸ்பத்திரி முனையில் மஞ்சள் சட்டை ஏறியது. லட்சணமான பெண். ஒடாலிஸ் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

எவெலியோவின் கை மேலே போனது. கண்ணாடி கீழே வந்தது. அதோடு விட்டானா? கண்ணாடியைப் பார்த்து, சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தான். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஏம்மா, பொண்டாட்டி பக்கத்துலயே உட்கார்ந்திருக்கேன். என்ன சிரிப்பு வேண்டியிருக்கு?"

பெண் திரும்பவே இல்லை. தோளைப் பிடித்து உலுக்கினாள் ஒடாலிஸ்.

அவள் திரும்பி, ஒடாலிஸின் வாயையே உற்றுப் பார்த்தாள். "மெதுவாச் சொல்லுங்கக்கா." குரல் ஏற்ற இறக்கமில்லாமல் வந்தது. "எனக்குக் காது கேக்காது. உதட்டைப் பார்த்தாத்தான் புரியும். இந்த வண்டியில எல்லாரும் சிரிக்கிறப்ப நான் மட்டும் பேந்தப் பேந்த முழிப்பேன். அதான் அண்ணன் தன் வாய் எனக்குத் தெரியற மாதிரி கண்ணாடியை இறக்கிடறார். பின்னாடி வர்றதைப் பார்க்க வெளியே ஒண்ணு இருக்கே."

ஒடாலிஸ் அவள் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

"இப்ப என்ன சொன்னார்?"

"'பக்கத்துல என் பொண்டாட்டி. அவ முறுக்கினதைத் தினம் இறக்கறதுக்குள்ள என் கை கழண்டுபோகுது. ஆசையா ரிப்பேர் பண்றா, சொல்லிடாதே'ன்னார்."

எவெலியோ காது வரை சிவந்து, ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் ஒடாலிஸ் மறுபடியும் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக நின்றாள். பழைய கண்ணாடிக்குக் கீழே, தான் தலை வாருகிற கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்தாள்.

வேலிக்கு மேலே தலை முளைத்தது. "என்னடி, மறுபடியும் தொங்குதா?"

"தொங்கத்தான் மாட்டறேன்" என்றாள் ஒடாலிஸ், அதை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டு.