முகம் பார்க்கும் டாக்டர்

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருடம், காஜா பெராங்கில் இருந்த அந்த கிளினிக்குக்கு டெலிபோன் வந்தது. மனநோய் டாக்டர் நல்லையாவுக்கு அது பிடிக்கவில்லை.

“மனசு முகத்துலதான் தெரியும், மிஸி. கம்பியில வைத்தியம் பண்ண முடியாது” என்று நர்ஸ் ஜமீலாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதே மணி அடித்தது.

“டாக்டர், பிள்ளை செத்ததுலேர்ந்து எனக்குத் தூக்கமில்ல. நானும் அது பின்னாலயே போயிடலாமான்னு தோணுது” என்று ஒரு பெண் அழுதாள்.

டாக்டர் போனை வைக்கவில்லை. காத்திருந்தவர்களை மறந்து அவளைப் பேச விட்டார். அழுகை ஓய்ந்ததும், “இன்னைக்கே நேர்ல வாம்மா. முகத்தைப் பார்த்தாத்தான் நான் வைத்தியம் சொல்ல முடியும்” என்றார்.

“இத்தனை மாசமா பார்த்துக்கிட்டுத்தானே இருக்கீங்க?”

“யாரும்மா நீ?”

“தெங்கேராவுலேர்ந்து வர்ற கோகிலா. வெள்ளிக்கிழமைதோறும் உங்க முன்னால வந்து உட்கார்றேன். நீங்க உத்து உத்துப் பார்க்குறீங்க. எனக்கு வாயே வரமாட்டேங்குது, டாக்டர்.”

கோகிலாவுக்குப் பேச்சே நின்றுபோனதாக அவள் கணவனிடம் சொன்னவர் டாக்டர்தான்.

சாயந்திரம் அவள் கணவனோடு வந்தாள். டாக்டர் கணவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, தானும் எழுந்து போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் டெலிபோன் அடித்தது. ஜமீலா அதை எடுத்துக் கோகிலாவிடம் நீட்டினாள்.

“எதிர்க் கோப்பிக் கடையிலேர்ந்து பேசுறேன். நீ சொல்லும்மா” என்றார் டாக்டர்.