டால்பின் விடும் மூச்சு

“ஏனுங்க, கண்ணத் தொறந்து பாருங்க! அதா, டால்பினு!”

விஜயகுமாரி போட்ட சத்தத்தில் படகே திரும்பிப் பார்த்தது. அவள் புருஷன் மயில்சாமியோ காதோடு சேர்த்துக் கட்டிய துண்டும் மூடிய கண்ணுமாக உட்கார்ந்திருந்தார்.

“மெதுவாப் பேசுங்கம்மா, பயந்து ஓடிரும்” என்றபடி படகோட்டி என்ஜினை நிறுத்தினார்.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திருப்பூர் பனியன் கம்பெனியில் கெஞ்சி லீவு வாங்கி, ராமேஸ்வரம் வரைக்கும் இவரைக் கூட்டி வந்தது தூங்கவா? தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“பயமா இருக்குதுங்களா?”

“உஸ்...” மயில்சாமி துண்டை அவிழ்த்தார். “தண்ணிக்கு மேல வந்து புஸ்ஸுன்னு மூச்சு உடுது. உனக்குக் கேக்குதா?”

விஜயகுமாரி அவர் காதை எட்டிப் பார்த்தாள். சாமளாபுரத்தில் தறிச் சத்தத்திலேயே கிடந்து என்றைக்கோ அவிந்துபோன காது அது. போன தீபாவளிக்கு அவள் வாங்கிக் கொடுத்து, வேண்டவே வேண்டாமென்று அவர் பீரோவில் போட்டு வைத்த மெஷின் இப்போது அந்தக் காதில் இருந்தது.

“எப்பங்க மாட்டுனீங்க?” என்று பழக்கதோஷத்தில் கத்தினாள்.

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மெதுவாவே பேசு அம்மிணி. எனக்காக இத்தன வருசம் தொண்ட கிழியக் கத்துனது போதும்.”