முருங்கைக்குப் போகும் வழி

பூ இருக்கும் இடத்தைத் தேனீக்கள் கூட்டில் ஆடித்தான் சொல்லும். அந்த ஆட்டத்தில் அக்கா தேனீயை மிஞ்ச ஆளில்லை. பனைமரத்துக் கள்ளுக்கலயத்தில் வாய் வைத்த பிறகு அவள் ஆடவே இல்லை.

முருங்கை பூத்ததும் தங்கை அவளை இழுத்துக்கொண்டு போனாள். அக்கா ஒரு பூவை உறிஞ்சினாள்.

"வெறும் தண்ணிடி இது."

"உனக்கு ரொம்பப் பிடிச்ச பூ அக்கா! சரி, அந்தக் கள்ளாவது இனிக்குதா?"

"ஆரம்பத்துல இனிச்சுது. இப்ப அதுவும் இல்ல."

"அப்புறம் ஏன் போறே?"

"போகலேன்னா இறக்கை நடுங்குது."

சொல்லிவிட்டு அக்கா பனைமரத்தை நோக்கிப் பறந்தாள்.

தங்கை கூட்டுக்குத் திரும்பி, முருங்கைக்குப் போகும் வழியை எல்லோருக்கும் ஆடிக் காட்டினாள். பிறகு அக்கா வழக்கமாக நிற்கும் காலி இடத்தைப் பார்த்து, இன்னொரு முறை மெதுவாக ஆடினாள்.