ஒரே ஒரு சால்வை

குரங்குக் குல்லாவைப் புருவம் வரை இழுத்துவிட்டு, மஃப்ளரால் மூக்கை மூடிக்கொண்டு அந்த மலையூர்க் கம்பளிக் கடைக்குள் நுழைந்தாள், கீழே டவுனில் நாலு சால்வைக் கடை வைத்திருக்கும் முதலாளியம்மா. வெளியே பல் கிட்டிக்கும் குளிர்தான். ஆனால் அவள் முகத்தை மூடியது குளிருக்காக அல்ல.

"லீவுக்கு வந்த இடத்துல எதுக்கும்மா வம்பு? பசங்க ரூம்ல காத்துக்கிட்டு இருக்காங்க" என்று முனகியபடியே பின்னால் வந்தார் அவள் வீட்டுக்காரர்.

"வாயை மூடிக்கிட்டு வாங்க. அன்னைக்கு என் மானம் கப்பலேறினப்ப வாசல்ல நின்னு வேடிக்கை பார்த்தவர்தானே நீங்க!"

அது இரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை. இதே கடையில் தொங்கிய சால்வைகளை அவள் ஒவ்வொன்றாகப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். கடையின் சொந்தக்காரியான நெசவுக்காரி தறியை விட்டு எழுந்து வந்தாள்.

"என் மீன்முள் டிசைனையும் கொடிப்பூ டிசைனையும் மெஷின்ல அடிச்சு வித்தது நீதானே? உன்னால எனக்கு வர்ற ஆர்டர் பாதியாப் போச்சு. மிச்சத்தையும் திருட வந்தியா?" என்று கத்தி, முப்பது சுற்றுலாக்காரர்கள் பார்க்க, கையைப் பிடித்து வாசலுக்கு வெளியே விட்டாள்.

திருடியதென்னவோ உண்மைதான். அதற்காக முப்பது பேருக்கு முன்னாலா சொல்வது? 'இவளையே என் கம்பெனிக் கூலின்னு ஊருக்குக் காட்டல, என் பேரை மாத்திக்கிறேன்' என்று அன்றைக்குப் போட்ட சபதம், இரண்டு வருஷமாக முதலாளியம்மாவுக்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

"வாங்கம்மா, உட்காருங்க" என்றாள் நெசவுக்காரி. ஆளை அடையாளம் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"புதுசா ஏதாவது இருக்காம்மா? வேற யார்கிட்டயும் இல்லாத மாதிரி?"

நெசவுக்காரி கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளறைக்குப் போய், வெள்ளைத் துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து பிரித்தாள். செம்மண் நிறத்தில் ஒரு சால்வை. "இது ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு" என்றாள்.

முதலாளியம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். அவளுடைய மில்லில் வருஷத்துக்கு நானூறு டிசைன் ஓடுகிறது. அதையெல்லாம் மேனேஜர் பார்த்துக்கொள்வார். அவள் பார்ப்பதெல்லாம் அடுத்தவர் டிசைனைத்தான்.

சால்வையின் ஓரத்தில், ஊசி குத்தி எடுத்த மாதிரி நாலைந்து சின்ன ஓட்டைகள் தெரிந்தன.

"பார்த்தீங்களா?" என்று வீட்டுக்காரரின் காதைக் கடித்தாள். "கைவேலைக்கு இந்தக் குறைதான் அடையாளம். மெஷின்ல இப்படி வருமா?" பிறகு நெசவுக்காரியின் பக்கம் திரும்பி, "கைநெசவுதானேம்மா?" என்றாள்.

"தொட்டுப் பாருங்கம்மா. உங்களுக்குத் தெரியாததா?"

விலையைக் கேட்டதும் வீட்டுக்காரருக்குப் புரையேறியது. முதலாளியம்மா பேரமே பேசாமல் பணத்தை எடுத்து நீட்டினாள். பழி தீர்க்க வந்த இடத்தில் யாராவது பேரம் பேசுவார்களா?

சால்வை கைக்கு வந்த மறுநிமிஷம் குல்லா கழன்றது. "என்னைத் தெரியுதா?"

"அடடே, நீங்களாம்மா!" என்றாள் நெசவுக்காரி. அவ்வளவுதான்.

முதலாளியம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பயந்துட்டா! நெருங்கி வந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "இப்ப லைவ் போடப்போறேன். நான் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டணும். எதிர்த்து ஒரு வார்த்தை வந்துச்சு, நாளையிலேர்ந்து இந்தக் கடைப் பக்கம் ஈ காக்கா வராம பண்ணிடுவேன்."

நெசவுக்காரி இப்போதே தலையாட்டினாள்.

வீட்டுக்காரர் போனைப் பிடித்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பத்தாயிரம் வாடிக்கையாளர்கள் சேர்ந்துவிட்டார்கள். முதலாளியம்மா சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, நெசவுக்காரியைப் பக்கத்தில் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"வணக்கம் மக்களே! நம்ம கடைச் சால்வையெல்லாம் மெஷின்ல வருதுன்னு சில பேர் வாய்க்கு வந்தபடி பேசுறாங்க. அந்த வாயையெல்லாம் இன்னைக்கு அடைக்கிறேன். இதோ, நமக்காகவே மலை மேல உட்கார்ந்து நெய்யுறவங்க இவங்கதான். இந்தச் சால்வை இவங்க கையால நெய்ஞ்சது. அடுத்த மாசம் நம்ம நாலு கடைக்கும் வருது!"

திரையில் இதயங்கள் சரம்சரமாக மேலே ஏறின. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"மெஷின் சால்வைன்னா நான் விரலால கூடத் தொட மாட்டேன். கண்ணைக் கட்டிக்கிட்டு வேணாலும் வித்தியாசம் சொல்லிடுவேன். எங்கே, நீங்களே சொல்லுங்கம்மா, இந்தச் சால்வையை எப்படி உருவாக்கினீங்க?"

நெசவுக்காரி மெதுவாக மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு ரசீதை எடுத்தாள். பத்தாயிரம் பேருக்கும் எழுத்து தெரியும்படி அதைப் போனுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"சாயம் மட்டும்தாங்க என்னுது, சால்வை இந்தம்மா கடையிலேயே தள்ளுபடியில வாங்கினது!"