நானூற்றுப் பன்னிரண்டு வரிசைகள்

“ரெண்டு மூலப் பட்டியலையும் கொடுங்க சார், நானே சேர்த்துப் பார்க்கிறேன்.” மேலே இருப்பவர்கள் முடித்த வேலையைத் திருப்பிக் கேட்காதே என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியும் கேட்டே விட்டேன். மேலாளர் சிரித்துக்கொண்டே நாற்காலியை என் பக்கம் தள்ளுகிறார். “ரெண்டுலயும் தொழிலாளி நம்பர் ஒட்டாதும்மா. அதான் பேரை வச்சு சேர்த்தேன். பட்டம் வாங்கின கையாச்சே, பார்ப்போம்.” ஒன்று ஆலைத் தொழிலாளர் பட்டியல், மற்றது நுரையீரல் பரிசோதனை முடிவுகள். ஜன்னல் வெயில் திரையில் விழுந்து கண் கூசுகிறது. முதல் பட்டியலில் 0073, இரண்டாவதில் வெறும் 73. முன்னால் நின்ற பூஜ்யங்கள் உதிர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். பேரை வைத்துச் சேர்த்ததில் ஒரே பேர்க்காரர்கள் இருவர் நான்கு வரிசையாகப் பெருக, மிஞ்சியதைக் கண்ணை மூடிக்கொண்டு அழித்திருக்கிறார் இந்த மனுஷன். பூஜ்யங்களை நிரப்பி எண்ணோடு எண்ணைச் சேர்க்கிறேன். தொழிலாளர் 412, முடிவுகள் 412, சேர்ந்தது 412. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. மேஜைமேல் ஏறி ஆடலாம் போலிருக்கிறது எனக்கு. 0073க்கு நேரே சிவப்பில் நிற்கிறது: தூசியில் வேலை கூடாது. ‘நலம்’ என்று மேலாளர் திரும்ப வேலைக்கு அனுப்பிய அரைவைக் கூடத்து அண்ணன் அவர். கிடங்கில் இருக்கும் அதே பேர்க்காரரின் நுரையீரலை அண்ணனுக்கு மாட்டிவிட்டிருக்கிறார். மேலாளர் எட்டிப் பார்க்கிறார், சிரிப்பு நின்றுபோகிறது. “சரி, நாளைக்குப் பேசிக்கலாம். உட்காரும்மா.” “அந்த அண்ணன் தூசியில மூச்சு விடறது இன்னைக்கு சார்.” அச்சிட்ட தாள் கையில் இன்னும் சூடாக இருக்கிறது. “எங்க போறே?” “அவரை வெளியே கூப்பிட.” கதவைத் தள்ளிக்கொண்டு படிகளில் இறங்குகிறேன்.