பெஞ்சைச் சுற்றி முளைத்தது

"நாளையிலேருந்து நீ வேலைக்கு வர வேண்டாம்."

குடியிருப்புச் சங்கச் செயலாளர் புல்வெளி பெஞ்சில் உட்கார்ந்தபடியே தீர்ப்பைச் சொல்லிவிட்டார். விசாரணையெல்லாம் சாதாரண மனிதர்களுக்குத்தான்.

தோட்டக்காரர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். "என்ன சார் தப்பு பண்ணேன்?"

"இது என்ன?"

காலடியில், வெள்ளை இதழும் மஞ்சள் நடுவுமாக ஒரு காட்டுச்செடி புல்லை மீறிப் பூத்துக் கிடந்தது.

"பிடுங்கிட்டேதான் சார் இருக்கேன். திரும்பத் திரும்ப விதை விழுது."

"வானத்துலேருந்தா விழுது?"

"பின்னாடி காலி மனையில மண்டிக் கிடக்கு சார். இங்க உங்க பெஞ்சைச் சுத்தி மட்டும்தான் முளைக்குது."

"ஓ, நான் உக்கார்ற இடமா பாத்து விட்டு வெச்சிருக்கே. எம்மேல அவ்வளவு கடுப்பா?"

தோட்டக்காரர் ஏதோ சொல்ல வந்து விழுங்கிக்கொண்டார். "இந்த வயசுல வேற யார் சார் எனக்கு வேலை கொடுப்பாங்க?"

"அந்தப் பயம் வேலையில இருந்திருக்கணும்."

பிறகு பொறுப்பு, ஒழுக்கம், நேர்மை என்று வரிசையாக எடுத்துவிட்டார் செயலாளர். பேச்சோடு பேச்சாக, பேன்ட்டில் ஒட்டியிருந்த கறுப்பு ஊசி விதைகளைப் பிய்த்துப் பிய்த்துப் புல்லில் போட்டுக்கொண்டிருந்தார். கை சும்மா இருக்காத மனிதர்.

அவரைத் தேடிக்கொண்டு மனைவி வந்தார். வந்ததும் கண் பேன்ட் மேல்தான் போனது.

"மெயின் ரோட்டுலதானே வாக்கிங் போறேன்னீங்க? இந்த ஊசி காலி மனைக்குள்ள நடந்தாத்தானே ஒட்டும்? அந்தப் பக்கம் சிகரெட் கடையை விட்டா வேற என்ன இருக்கு?"

விதை பிய்த்துக்கொண்டிருந்த செயலாளரின் கை பேன்ட்டிலேயே நின்றுவிட்டது. நெஞ்சுவலி வந்த அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில், மனைவி கையைப் பிடித்துச் சத்தியம் பண்ணி விட்ட சிகரெட் அது.

"நான்தாம்மா கூட்டிட்டுப் போனேன்" என்றார் தோட்டக்காரர். "விதை எங்கேருந்து வருதுன்னு நேர்ல பாக்கணும்னு சார் ஒரே பிடிவாதம்."

மனைவியின் முகம் தெளிந்தது. "வேலைன்னு வந்துட்டா இவருக்கு உடம்பு நினைப்பே இருக்காது. சீக்கிரம் வாங்க, காபி ஆறிடும்" என்று பெருமையோடு திரும்பி நடந்தார்.

அவர் தலை மறைந்தது. பிறகு தோட்டக்காரர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அப்போ நான் கிளம்பட்டுங்களா சார்?"

கடைசி விதையைப் புல்லில் போடப் போன செயலாளர், அதைப் பத்திரமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எங்கே கிளம்பறே? பூ... பாக்க லட்சணமாத்தான்யா இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்."